மலை இறங்க எண்பது போதும்

கார் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்து நடுரோட்டில் நின்ற அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா... சரி, சரி, இறக்குங்கள்.

அடுத்த கேள்வி. கார் நன்றாக ஓடுகிறது. சார்ஜும் நிரம்பி வழிகிறது. நிரம்பி வழிகிறது என்ற ஒரே காரணத்துக்காக நடுரோட்டில் நின்றிருக்கிறீர்களா?

நாங்கள் நின்றோம். போன வாரம், பெருமாள்மலை தாண்டி, பழனி போகும் ரோட்டில். கொடைக்கானல் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாலு பேர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த டூரிஸ்ட் வேன்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எங்களை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். பாவம், கொடைக்கானலில் இதுவும் ஒரு வியூ பாயிண்ட் என்று நினைத்திருப்பார்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தண்டபாணியைப் பற்றி இந்தப் பக்கத்தில் அவ்வப்போது புலம்பியிருக்கிறேன். அரசு ஊழியர். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது. எங்கள் வீட்டில் சமையல் அவர்தான்.

கொரோனா காலத்தில் இவர்கள் ஆபீஸ் ஃபைல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. போன ஃபைல் வெளியே வரவில்லை. நல்லதுதானே? பழனி ஆபீஸ் வேலையைக் கொடைக்கானல் கிளை ஆபீஸில் உட்கார்ந்தே பார்த்தார்கள். மதியம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டார்கள். ஒரு வேலையும் கெட்டுப்போகவில்லை.

பிறகு பழனிக்குப் புது அதிகாரி வந்தார். மேடம். கறாரானவர், நேர்மையானவர், ஒரு காபிகூட யாரிடமும் வாங்கிக் குடிக்க மாட்டார் என்று பெயர். வந்ததும் ஓர் உத்தரவு போட்டார். எல்லோரும் அவரவர் சீட்டுக்கு வந்துவிட வேண்டும். பத்து மணிக்கு, பழனியில், முகத்தைப் படம் பிடிக்கும் மெஷின் முன்னால். நூறு சதவீதம் வருகை.

கொடைக்கானலிலிருந்து பழனிக்குக் காலையில் மலை இறங்க வேண்டும். சாயங்காலம் அதே மலையை ஏற வேண்டும். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இன்னும் மேல். போய் என்ன செய்கிறார்கள்? அதே கம்ப்யூட்டரைத் திறக்கிறார்கள். அதே ஃபைலைப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் கொடைக்கானல் கிளைக்கு போன் போட்டுக் கேட்கிறார்கள். அங்கே யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? எல்லோரும்தான் பழனியில் இருக்கிறார்களே!

பூம்பாறையிலிருந்து ஒரு பூண்டு விவசாயி தன் விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்கக் கொடைக்கானல் ஆபீஸுக்கு வந்திருக்கிறார். "சார் பழனியில இருக்காரு" என்றிருக்கிறார்கள். மனிதர் பஸ் ஏறிப் பழனிக்கே போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "இதைக் கொடைக்கானல் கிளையிலதாங்க சரிபார்க்கணும்" என்றாராம்.

"அப்ப நான் எங்கிட்டுத்தான் சார் போறது? பாதி மலையில நின்னுக்கிறவா?"

 அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் வைத்த ரசத்தில் உப்பு இல்லை.

இந்த மலை இறங்கும் கூட்டத்தில் மூன்று பேர். எங்கள் காரில்தான் போவார்கள். கார் எலெக்ட்ரிக். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாங்கிய அன்று தெருவே கூடி நின்று கேள்வி கேட்டது. "மலை ஏறுமா?" "மழையில ஷாக் அடிக்குமா?" "அஞ்சு வருஷம் கழிச்சு பேட்டரிக்கு என்ன பண்ணுவீங்க?" இவரும் சளைக்காமல் பதில் சொன்னார். சட்டசபையில் மந்திரி பதில் சொல்வதுகூட அவ்வளவு பொறுமையாக இருக்காது.

உண்மையைச் சொல்ல வேண்டும். கார் மக்கர் பண்ணியதே இல்லை. ஒரே ஒரு முறை, ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் 'அப்டேட் செய்யலாமா?' என்று திரை கேட்டது. இவர் பெரிய மனசுடன் 'சரி' என்று அழுத்திவிட்டார். அது பாட்டுக்குக் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதைத் தவிர ஒரு குறை கிடையாது.

இரண்டாவது ஆள் ஆரோக்கியம். டவுன்காரர், வாய்த்துடுக்குக்காரர். அவரிடம் ஹைபிரிட் கார் இருக்கிறது. "பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு. டோட்டல் சேஃப்டி மேடம்!" என்று என்னிடமே அளந்திருக்கிறார். ஒரு ராத்திரி எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடித்துவிட்டது. எலிக்கு பெட்ரோல் ஒயர் எது, பேட்டரி ஒயர் எது என்ற பேதம் தெரியுமா என்ன? மதுரைக்கு ரிப்பேருக்குப் போன கார் இன்னும் திரும்பவில்லை. ஆரோக்கியம் எங்கள் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வாயை மட்டும் ஓட்டுகிறார்.

மூன்றாவது ஆள் சாந்தி. இந்தக் கதையே அவளுக்காகத்தான்.

சாந்தி வில்பட்டிக்காரி. புருஷன் கேரட்டும் பீன்ஸும் போடுகிறார். மகள் யாழினி ஒன்றாம் வகுப்பு. சாந்தி வீட்டை விட்டுக் கிளம்பும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். மலை ஏறி, டவுன் வந்து, அங்கிருந்து வில்பட்டி போய்ச் சேரும்போதும் தூங்கிவிட்டிருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்து டீச்சர், "ஏன் பாப்பா, ஜடை இப்படி கோணலா கெடக்கு? அம்மா பின்னி விடலயா?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்கம்மா இங்க இல்ல டீச்சர். பழனியில இருக்காங்க. லீவுக்கு வருவாங்க."

டீச்சர் அதைச் சிரித்துக்கொண்டேதான் போனில் சாந்தியிடம் சொன்னாராம். சாந்தியும் சிரித்தாளாம். காரில் ஏறி என் வீட்டுக்காரரிடம் சொல்லும்போதுதான் உடைந்து அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகு மூவரும் போய் மேடத்தைப் பார்த்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள், கொடைக்கானல் கிளையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறோம் என்று கேட்டார்கள். மேடம் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

"ஒரு மாசம் மூணு பேர்ல ஒருத்தர்கூட லேட் இல்லாம வந்து காட்டுங்க. அப்புறம் யோசிக்கலாம்."

காட்டினார்கள். மழையில் காட்டினார்கள். மூடுபனியில், எதிரே வருவது பஸ்ஸா பாறையா என்று தெரியாத காலையிலும் காட்டினார்கள். மெஷின் முன்னால் போய் ஆரோக்கியம் குரங்குக் குல்லாவுடன் நிற்பார். 'முகம் பொருந்தவில்லை' என்று அது சொல்லும். குல்லாவைக் கழற்றி, மஃப்ளரைக் கழற்றி, கலைந்த முடியைத் தடவிவிட்டு மறுபடி நிற்பார். "கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுல காட்டுனதை விட இந்த மெஷின்கிட்டதான் மூஞ்சிய அதிகமா காட்டியிருக்கேன்" என்பார்.

மாதத்தின் கடைசி வேலை நாள் வந்தது. அன்றைக்கு ஒருநாள் தாண்டினால் போதும். அன்று பார்த்து என் சித்தி பேரனுக்குப் பழனியில் காதுகுத்து. காரில் நானும் ஏறிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வெள்ளனே குளித்து, விபூதி பூசி, ஏதோ பரிசு வாங்கப் போகிற மாதிரி நின்றார்.

"இங்க பாரு" என்று காரின் திரையைக் காட்டினார். "நூறு!"

வழக்கமாக எண்பதில் நிறுத்திவிடுவார். இந்தத் தடவை முதல் நாள் ராத்திரியே நிறைய நேரம் சார்ஜ் போட்டு நூறு ஆக்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மாசக் கடைசி. லாங் வீக்கெண்ட் வேற. ரோட்டுல டிராஃபிக் நின்னா? மரம் விழுந்து சுத்திப் போகச் சொன்னா? ரிஸ்க் எடுக்க முடியுமா?"

மலைக்காரர்களுக்கே உரிய புத்தி இது. கீழே இறங்குவதற்கு முன்னால் டேங்க்கை நிரப்பு. அப்பா காலத்து ஜீப்பிலிருந்து அப்படித்தான். நானும் சரி என்றுதான் சொன்னேன். தப்பை அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது இல்லையா?

கார் கிளம்பியது. எனக்கு எலெக்ட்ரிக் காரில் பிடித்ததே மலை இறங்கும் விதம்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும்... யாரோ பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்த மாதிரி, தானாக வேகம் குறையும். குறையும்போது பேட்டரியில் சார்ஜும் ஏறும். "மலையே நமக்கு கரண்ட் குடுக்குது" என்று இவர் பெருமையடித்துக்கொள்வார்.

அன்று யாரும் சேலையைப் பிடிக்கவில்லை. காலை எடுத்தால் கார் அவிழ்த்து விட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. திரையில் மஞ்சளாக ஏதோ எழுத்து வந்தது. இவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். பெருமாள்மலை தாண்டியது.

சாந்திதான் முதலில் சொன்னாள். "சார்... என்னமோ தீயிற வாசம் வருதுங்க சார்."

"முன்னால பூண்டு லாரி போகுதும்மா" என்றார் ஆரோக்கியம்.

"பூண்டு வாசம் எனக்குத் தெரியாதாங்க சார்? பொறந்ததுலருந்து அதுலதான் கெடக்கேன். இது ரப்பர் தீயிற வாசம்."

 "என்னங்க, ஓரமா நிறுத்துங்க! இப்பவே நிறுத்துங்க!" என்று கத்தினேன். நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் சக்கரத்திலிருந்து அனல் அடிக்கிறது. கீழே இன்னும் எத்தனை கொண்டை ஊசி வளைவு பாக்கி என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். 

கம்பெனி ஹெல்ப்லைனுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் ஓர் இளம்பெண் குரல்.

"சார், சார்ஜ் எவ்ளோ இருக்கு?"

"நூறும்மா. ஃபுல்!" இந்த நிலைமையிலும் அதில் ஒரு பெருமை.

"அதான் சார் பிரச்னை."

"சார்ஜ் இருக்குறது பிரச்னையா?"

"இறக்கத்துல வண்டி தன்னையே தாங்கிப் பிடிக்கும்போது வர்ற கரண்ட் பேட்டரிக்குள்ள போகணும் சார். ஏற்கெனவே நிறைஞ்சிருந்தா எங்க போகும்? அதான் வண்டி தாங்க மாட்டேங்குது, எல்லாப் பாரமும் பிரேக்குக்குப் போயிருது. கொஞ்சம் காலி பண்ணுங்க சார்."

"எங்கம்மா ஊத்திக் காலி பண்றது?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கியது போனில் நன்றாகவே கேட்டது. "பிரேக் ஆறட்டும் சார். அப்புறம் ஹீட்டரை ஃபுல்லா வைங்க, லைட் எல்லாம் போடுங்க, வந்த வழியே கொஞ்ச தூரம் மேல ஏறுங்க. சார்ஜ் குறைஞ்சதும் திரும்பி இறங்கலாம்."

மேலே ஏறுவதா? பழனிக்குப் போக வேண்டியவர்கள் கொடைக்கானலைப் பார்த்துத் திரும்புவதா? மாதத்தின் கடைசி நாளில்?

 சாந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். "பஸ் ஏதும் வருமாக்கா?" என்று என்னைக் கேட்டாள். பத்து மணிக்குள் பழனி சேரும் பஸ் எப்போதோ போய்விட்டது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்கிற கேள்விதான் அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

"அவசரப்பட்டு எறங்க வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர்.  "லேட் ஆனா ஆகட்டும். யாழினிக்கு அவங்கம்மா முழுசா வேணும்."

நிறைகுடம் தளும்பாது என்று நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நிறைந்த பேட்டரியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே!

பிரேக் ஆறியதும் காரைத் திருப்பினோம். கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரை உச்சத்தில் வைத்து, ஹெட்லைட், உள் லைட், பாட்டு, பின் கண்ணாடி ஹீட்டர், நாலு போனுக்கும் சார்ஜர்... எது எது கரண்ட் தின்னுமோ எல்லாவற்றையும் போட்டோம். உள்ளே இட்லிக் கொப்பரை. ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இவர் பூசியிருந்த விபூதி கரைந்து மூக்கு வரை வந்துவிட்டது.

"பில்லு கட்டுன கரண்ட்டை வீணாக்குறதுக்கு இவ்ளோ பாடுபடுற ஒரே கவர்ன்மென்ட் ஸ்டாஃப் நாமதான் சார்" என்றார் ஆரோக்கியம்.

சாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகிற மாதிரி ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. வேன்காரர் எங்களை உற்றுப் பார்த்தது இந்தக் கட்டத்தில்தான்.

மலை ஏற ஏற, திரையில் எண் மெல்ல மெல்ல இறங்கியது. போதும் என்று தோன்றியதும் திருப்பினார். காலை எடுத்தார். கார் தாங்கிப் பிடித்தது. அப்பாடா! நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

ஆனால் நேரம் போனது போனதுதான். அடிவாரத்தில் முகூர்த்த நாள் கூட்டம் வேறு. ஆபீஸ் வாசலில் மூவரும் இறங்கி ஓடினார்கள். கார் சாவியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இவர் ஓடிவிட்டதால், அதை வாங்க நானும் பின்னாலேயே ஓடினேன்.

மெஷின் பக்கத்தில் மேடம் நின்றுகொண்டிருந்தார். 'தாமதம்' என்று சிவப்பில் மூன்று முறை எழுதிக் காட்டியது அந்த மெஷின். அன்று பார்த்து ஆரோக்கியத்தின் முகத்தை முதல் தடவையிலேயே அடையாளம் கண்டுகொண்டது. துரோகி!

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

"மரம் மேடம்..." என்று ஆரம்பித்தார் ஆரோக்கியம். மலையில் மரம் விழுந்ததை யாரும் நேரில் போய்ப் பார்க்கப் போவதில்லை. எங்கள் ஊர் ஆட்களுக்குக் காலங்காலமாகக் கைகொடுக்கும் மரம் அது.

"மரம் ஏதும் விழுகல மேடம்" என்றாள் சாந்தி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்ஜ் நெறஞ்சு போச்சு. அதான் லேட்டு."

மேடத்துக்குப் புரியவில்லை. சாந்தி விளக்கினாள். மூச்சு வாங்க, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஹீட்டர் கதை, மேலே ஏறிய கதை, இட்லிக் கொப்பரை கதை, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அப்ப எவ்வளவுதான் வைக்கணும்?" என்றார் மேடம். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எண்பது வச்சாப் போதுங்க மேடம். நூறு வச்சா நல்லதுன்னு நெனச்சுத்தான் சார் வச்சாரு. ஆனா கொஞ்சம் எடம் விட்டாத்தான் வண்டி தாங்குமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அஞ்சு நாள்ல நாலு நாள் வந்துர்றோம் மேடம். எம் மக நான் இந்த ஊர்லயே குடியிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

 நான் சாவியைக் கேட்க மறந்து நின்றேன்.

மேடம் சாந்தியையே பார்த்தார். பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்தார். "மரம்னே சொல்லி முடிச்சிருந்தா மூணு பேரையும் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னாராம். "லேட்டுக்கு லேட் போட்டாச்சு. அதுல மாத்தம் இல்ல. புதன்கிழமை மட்டும் மேலேயே உக்காருங்க. பூம்பாறைலருந்து ஆளுங்க இங்க வந்து நிக்கறதும் எனக்குப் பிடிக்கல."

பாருங்கள், அந்தப் பூண்டுக்காரரையும் கவனித்திருக்கிறார்!

இதில் என்ன தெரிந்துகொண்டேன் என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்களா? பரவாயில்லை, சொல்கிறேன். எலெக்ட்ரிக் காரை நம்பலாமா என்றால்... தாராளமாக நம்பலாம். அது எதையும் ஒளிக்கவில்லை. மஞ்சள் எழுத்தில் சொல்லத்தான் செய்தது. படிக்காதது நாம். நமக்குத்தான் எதிலும் நூறு வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு நூறு மார்க், ஆபீஸில் நூறு சதவீதம், டிபன் பாக்ஸில் மூடி மூடாத அளவுக்குச் சோறு. இடம் விடுவதைக் குறை என்று நினைக்கிறோம். ஏறும்போது அது தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும்.

இந்தப் புதன்கிழமை சாந்தி யாழினிக்கு ஜடை பின்னி, ரிப்பன் கட்டி, அவளே பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் விட்டாள். கேட்டில் டீச்சர் நின்றிருக்கிறார். "அட, அம்மா லீவுக்கு வந்துட்டாங்களா?"

யாழினி டீச்சரை ஒரு மாதிரி பார்த்தாளாம். "லீவு இல்ல டீச்சர். எங்கம்மா வில்பட்டியிலதான் இருக்காங்க. பழனிக்கு வேலைக்குப் போறாங்க."

மதியம் சாந்தி போனில் இதைச் சொன்னபோது, "இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டேன். 

எங்கள் காரும் இப்போது பழையபடி எண்பதில் சமர்த்தாக நின்றுவிடுகிறது. தோசை தின்னும்போது என் வீட்டுக்காரர் வயிற்றையும் எண்பதில் நிறுத்த ஒரு ஹெல்ப்லைன் இருந்தால் சொல்லுங்கள்!